ஹீட்டர் போடாத சொட்நோம்

என் தம்பி சொட்நோமைக் கஞ்சன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நான் சொல்லியிருக்கிறேன், அவன் முகத்துக்கு நேராகவே, எத்தனையோ தடவை. அது வேறு. கூடப் பிறந்தவளுக்கு அந்த உரிமை உண்டு. கார் ஸ்டாண்டில் நிற்கிற எவனாவது சொன்னால், கையில் இருக்கிற கரண்டியோடு கடையை விட்டு வெளியே வந்துவிடுவேன்.

மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரின் வடக்கு மேட்டில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, கார்க்காரர்கள் வண்டி போட்டுச் சவாரிக்குக் காத்திருக்கும் இடத்தை ஒட்டி என் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. கறிக் கொழுக்கட்டை, எண்ணெயில் பொரித்த கறி ரொட்டி, உப்புப் போட்ட பால் தேநீர். வேறொன்றும் கிடையாது, வேறொன்றும் யாரும் கேட்பதும் இல்லை. குளிர்காலத்தில் அந்தக் கார்க்காரர்கள் எல்லோரும் என் அடுப்பைச் சுற்றித்தான் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பேச்சு ஒன்றே ஒன்றுதான்: யார் வண்டி எவ்வளவு பெட்ரோல் குடிக்கிறது. மாமியாரைப் பற்றிக்கூட அவ்வளவு குறை பேசமாட்டார்கள்.

அவர்கள் ஓட்டுவதெல்லாம் ஜப்பானில் யாரோ ஓட்டித் தீர்த்துவிட்டு விற்ற ஹைபிரிட் கார்கள். பாதி பெட்ரோல், பாதி பேட்டரி. கோடைக்காலத்தில் அவை சமர்த்துப் பிள்ளைகள். மெதுவாகப் போகும்போதும் சிவப்பு விளக்கில் நிற்கும்போதும் எஞ்சின் தானாக அணைந்துகொள்ளும், சத்தமே இருக்காது. குளிர் வந்தால் குணம் மாறிவிடும். எஞ்சின் ஓடினால்தான் ஹீட்டருக்குச் சூடு. ஹீட்டரைப் போட்டால், நின்ற இடத்தில் நின்றபடியே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். கோடையில் குடித்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு குடிக்கும்.

சொட்நோம் மட்டும் இதற்கு மசியவில்லை. இலையுதிர்காலம் முடியும்போதே அவன் வேலையைத் தொடங்கிவிடுவான். நாங்கள் குடியிருக்கிற கூடாரத்துக்குப் போர்த்துகிற தடித்த கம்பளியை வெட்டி, ஓரம் தைத்து, காரின் முன் கிரில்லில் காற்றுப் புகாமல் கட்டுவான். எஞ்சின் மேல் போர்த்த இன்னொரு கம்பளி. குளிரில் டயரில் காற்று இறங்கிவிடும், இறங்கிய டயர் பெட்ரோலைத் தின்னும் என்று வாரம் தவறாமல் காற்று பிடிப்பான். காலையில் வண்டியை நிறுத்தி வைத்துச் சூடேற்றுகிறவர்களைப் பார்த்தால் அவனுக்கு வயிறு எரியும்.

“நின்னுக்கிட்டே சூடேத்தினா ஒரு மணி நேரம் ஆகும்டா. மெதுவா ஓட்டு, அதுவே சூடாயிடும்,” என்பான்.

அவனிடம் கம்பளி தைத்துக் கட்டிக்கொள்ள ஸ்டாண்டில் பாதிப் பேர் வருவார்கள். கூலி வாங்கமாட்டான். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் என்று அவனை எப்படிச் சொல்வது? தன் கம்பளி, தன் நூல், தன் விரல். ஊசி குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் காய்த்துக் கிடக்கும்.

இதுவரை எல்லாம் சரி. இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் அவன் ஹீட்டரையும் போடமாட்டான். அதுதான் விஷயம். ஆட்டுத்தோல் உள்வைத்த நீள அங்கி, நரித்தோல் தொப்பி, முழங்கால்வரை கம்பளி பூட்ஸ், இவற்றோடு உறைந்த ஆற்றில் மீன் பிடிக்கப் போகிறவன் மாதிரி ஸ்டியரிங் பின்னால் உட்கார்ந்திருப்பான். மூச்சு பட்டுக் கண்ணாடியின் உள்பக்கம் பனி பூக்கும். பழைய பேருந்துப் பயண அட்டை ஒன்றை வைத்துச் சுரண்டுவான். சுரண்டியும் தெரியாவிட்டால்தான் கொஞ்ச நேரம் ஹீட்டர். தெரிந்ததும் அணைத்துவிடுவான்.

“உன் வண்டியில ஆட்டுக்கறி ஏத்து சொட்நோம், ஆளை ஏத்தாதே,” என்பான் கல்சன். ஸ்டாண்டிலேயே வாய் நீளம் அவனுக்குத்தான். “கறின்னா வசந்தம் வரைக்கும் கெடாது.”

“சவாரி ஏறினா ஹீட்டர் போடறேனே,” என்பான் சொட்நோம்.

“போடறே. ஏறினவன் தும்மினா போடறே.”

“உன் வண்டி நூறு கிலோமீட்டருக்கு எவ்வளவு குடிக்குது, அதைச் சொல்லு மொதல்ல.”

கல்சன் கிண்ணத்தைத் தூக்கித் தேநீரைக் குடிப்பான். என் தம்பி முகத்தில் அப்போது ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், பந்தயத்தில் குதிரை ஜெயித்தவனுக்குக்கூட அப்படி வராது. காரில் அந்தக் கணக்கைக் காட்டுகிற சின்னத் திரை ஒன்று உண்டு. அதைத்தான் அவன் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பான். பெண்டாட்டி முகத்தை அவ்வளவு பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் ஏன் இப்படி ஆனான் என்பது எனக்குத் தெரியும். ருஷ்யாக்காரர்கள் போன பிறகு வந்த பஞ்ச வருஷங்களில் அவன் லாரி ஓட்டினான், இருபது வயதுகூட ஆகாத பையன். பெட்ரோலைக் கிண்ணத்தில் அளந்து கொடுத்த காலம். ஒரு குளிர்காலத்தில் மாவு மூட்டை ஏற்றிக்கொண்டு போனபோது நடு வெளியில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. கூட இருந்த பெரிய டிரைவர், நீ வண்டியிலேயே இரு, நான் போய் ஆள் கூட்டி வருகிறேன் என்று நடந்தார். சொட்நோம் காலி மாவுச் சாக்குகளைச் சுற்றிக்கொண்டு கிடந்தான். வேறொரு லாரி வந்து அவனைத் தூக்கிப்போனது. நடந்து போனவரை வசந்தத்தில்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு என் தம்பிக்குப் பெட்ரோல் என்றால் பெட்ரோல் இல்லை, உயிர். வண்டியில் அது பாதிக்குக் கீழே இறங்கினால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. ஆள் விறைத்துச் சாகக்கூடாது என்றுதான் அவன் மிச்சம் பிடிக்க ஆரம்பித்தான். அதை நினைக்கும்போதுதான் எனக்கு மனசு ரொம்ப வேதனைப்படும்.

அவன் மனைவி ஹந்த்மா பாலர் பள்ளி ஒன்றில் சமையல் செய்கிறாள். மேற்கே அர்ஹங்காய் மாநிலத்தில் குதிரை மேய்க்கிற குடும்பத்துப் பெண், பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம். தினமும் காலையில் அவளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத்தான் அவன் ஸ்டாண்டுக்கு வருவான். மடியில் ஒரு கம்பளி, காலடியில் வெந்நீர் நிரப்பிய புட்டி, இப்படித்தான் அவள் போவாள்.

“எப்படிடீ உட்கார்ந்து போறே அந்த ஐஸ் பெட்டியில?” என்று கேட்டேன் ஒருமுறை.

“பழகிடுச்சுக்கா. பள்ளிக்கூடத்துல நாள் முழுக்க அடுப்புகிட்டதானே நிக்கறேன். காலையில கொஞ்சம் குளிரட்டும்னு நெனச்சுக்குவேன்,” என்று சிரித்தாள். “அவருக்கு அந்த நம்பர் கொறஞ்சா ஒரு சந்தோஷம். அதை எதுக்குக் கெடுக்கணும்?”

புருஷனுடைய பைத்தியத்தைக் குழந்தையின் பொம்மை மாதிரி பார்த்தாள். எத்தனையோ குளிர்காலம் அப்படியே போயிற்று.

ஒரு வருஷம் அவளுடைய அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்தது. யொன்தோன் பெரியவர் என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. எழுபது தாண்டியும், நுனியில் சுருக்குப் போட்ட கயிற்றுக் கழியை நீட்டிக்கொண்டு அடங்காத குதிரையை விரட்டிப் பிடிக்கிற மனுஷர். தூரத்தில் நிற்கும் குதிரை தன்னுடையதா அடுத்தவருடையதா என்று தெரியவில்லை என்றதும் மனம் உடைந்து போனார். நகர மருத்துவமனையில் நாள் கொடுத்தார்கள். மூன்றாம் ஒன்பதில் வந்தது அந்த நாள். குளிரை ஒன்பது ஒன்பது நாளாக எண்ணுகிற எங்கள் ஆட்கள், மூன்றாம் ஒன்பதில் மூன்று வயது எருதின் கொம்பு உறைந்து உதிரும் என்பார்கள். அப்படிப்பட்ட குளிர். தள்ளிப்போட்டால் குட்டி போடும் பருவம் வந்துவிடும், அப்புறம் மந்தையை விட்டு அவர் அசையமாட்டார். வசந்தத்தில் குட்டிகள் பிறக்கும்போது நல்ல கண்ணோடு குதிரைமேல் இருக்கவேண்டும். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

சொட்நோமும் ஹந்த்மாவும் போய் அவரை அழைத்து வந்தார்கள். அந்த வழியில் நடந்ததை நான் இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்துச் சண்டை போட்டிருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கிளம்பும்போது சொட்நோம் ஹீட்டரைப் போட்டுத்தான் கிளம்பினான். மாமனார் இல்லையா, மரியாதை. முன் இருக்கையில் அவர், பின்னால் ஹந்த்மா. அவளுடைய அம்மா வண்டிக்குப் பின்னால் பால் தெளித்து வழியனுப்பினாள். சூடு நன்றாக வந்தது. பெரியவர் மூக்குப்பொடிக் குப்பியை நீட்டினார், இவன் வாங்கி மோந்துவிட்டுக் கொடுத்தான், பேச்சும் சிரிப்புமாகப் போயிருக்கிறார்கள்.

கணவாய் உச்சியில் ஓவோ இருக்கிறது, வழிப்போக்கர் கல் வைத்துக் கும்பிடுகிற குவியல். அந்தக் குளிரில் எல்லோரும் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். பெரியவர் கேட்கவில்லை.

“கண்ணு திறக்கப் போறேன் மாப்பிள்ளே. இதைச் சுத்தாம போறதா? நிறுத்து வண்டியை.”

இறங்கி மூன்று சுற்றுச் சுற்றினார். காற்று அடித்துக் குவித்த பனி முழங்கால் வரைக்கும் இருந்தது. பூட்ஸ் வாய்க்குள் பனி போயிருக்கிறது. வண்டியில் வந்து உட்கார்ந்ததும் ஹீட்டர் சூட்டில் அது உருகி உள்ளே இறங்கி, கம்பளிக் காலுறை நனைந்துவிட்டது. அவர் சொல்லவில்லை. மருமகன் முன்னால், மகள் முன்னால், பூட்ஸைக் கழற்றிக் காலைக் காட்டுகிற ஆளா அவர்? ஈரம் அவருக்குத் தெரிந்ததா என்பதே சந்தேகம். கிழக் கால், உணர்ச்சி குறைந்துபோன கால்.

கணவாய் இறங்கிய பிறகு அவர் கேட்டிருக்கிறார்: “இந்தச் சூட்டுக்கும் பெட்ரோல்தான் செலவாகுதா மாப்பிள்ளே?”

“ஆமாம் மாமா. கொஞ்சம் ஆகும்.”

“அப்படின்னா அணைச்சுடு. நான் ஒட்டகத்து மேலேயே மூணாம் ஒன்பதைத் தாண்டினவன். வீடு மாதிரி இருக்கு இங்க, எதுக்கு வீணா…”

சொட்நோம் அணைத்தான். பெரியவர் சொன்னதை மருமகன் மறுத்துப் பேசுவது எங்களில் வழக்கம் இல்லை. அவன் செய்ததில் மரியாதைக் குறைவு ஒன்றும் கிடையாது. யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அதற்குப் பிறகு நகரம் வந்து சேரும்வரை ஹீட்டர் போடவில்லை. கண்ணாடியை மட்டும் அட்டையால் சுரண்டிக்கொண்டே வந்தான். ஹந்த்மா பின்னாலிருந்து தன் கம்பளியை எடுத்து அப்பாவின் மடியில் போட்டாள். காலில் போடவில்லை. காலில் குளிரும் என்று யாருக்குத் தோன்றும், அவ்வளவு பெரிய பூட்ஸ் போட்டிருந்தாரே.

பொழுது சாய்கிற நேரம் என் கடை வாசலில் வண்டி நின்றது. சொட்நோம்தான் முதலில் உள்ளே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“அக்கா, எவ்வளவு தெரியுமா? மூணாம் ஒன்பதுல, கணவாய் ஏறி இறங்கி, நூறு கிலோமீட்டருக்கு அஞ்சு லிட்டர்கூட ஆகலை. கல்சா, வா, வந்து திரையைப் பாரு. நான் சொன்னா நம்பமாட்டே.”

கல்சன் நிஜமாகவே எழுந்து போய்ப் பார்த்தான். நாலு பேர் கூடப் போனார்கள். அவர்கள் எல்லோரும் காரின் முன்பக்கம் குனிந்து அந்த நம்பரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மறுபக்கத்துக் கதவைத் திறந்து ஹந்த்மா அப்பாவை இறக்கிக்கொண்டிருந்தாள். அவர் இரண்டடி வைத்தார். கட்டையை ஊன்றி வைக்கிற மாதிரி வைத்தார். நான் ஓடிப்போய் மறுபக்கம் தாங்கிக்கொண்டேன்.

அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தேன். குடித்தார்.

“பெரியவரே, பூட்ஸைக் கழற்றுங்க.”

“எதுக்கும்மா, இருக்கட்டும்.”

“கழற்றுங்கன்னு சொல்றேன்.”

நானே குனிந்து இழுத்தேன். வரவில்லை. உள்ளே காலுறை பனிக்கட்டியாகி பூட்ஸோடு ஒட்டியிருந்தது. கத்தியால் கிழித்து எடுத்தேன். விரல்கள் மெழுகு நிறத்தில் இருந்தன. தொட்டேன், அவருக்குத் தெரியவில்லை. என் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வெளியே போனார்கள். வயசானவரின் வெறுங்காலைப் பார்ப்பது மரியாதை இல்லை என்று போனார்களா, பார்க்கச் சகிக்காமல் போனார்களா தெரியாது.

நான் சொட்நோமைத் திட்டினேன். என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுதமாட்டேன். பூசணிக்காய் போன இடம் தெரியாது, கடுகு போன இடத்தை ஆராய்வாயோ என்று கேட்டது நினைவிருக்கிறது. அவன் வாசலில் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பெரியவர்தான் குறுக்கே கையை நீட்டினார்.

“மாப்பிள்ளையைத் திட்டாதேம்மா. நான்தான் அணைக்கச் சொன்னேன். நல்ல வண்டி வச்சிருக்காரு, சத்தமே இல்லாம போகுது.”

அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கால்தான் தப்பவில்லை. வலது காலில் கட்டைவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள். குளிர்காலம் முழுக்க அவர் மேட்டில் வேலி போட்ட எங்கள் மனையில், சொட்நோமின் கூடாரத்திலேயே இருந்தார். வெளிக்குப் போகும் கொட்டகை மனையின் மூலையில் இருக்கிறது. காலையும் மாலையும் சொட்நோம் அவரை முதுகில் சுமந்து பனியில் நடந்து போய்த் திரும்புவான். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. பெற்ற மகன்கூட அப்படிச் செய்திருப்பானா என்று எனக்குச் சந்தேகம்தான்.

வசந்தத்தில் ஊருக்குப் போனார். குதிரையில் ஏறினார். ஏறினார் என்பதைவிட ஏற்றிவிட்டார்கள் என்று சொல்லவேண்டும். எங்கள் ஆட்கள் சேணத்தில் உட்கார்ந்து ஓட்டுவது குறைவு, அங்கவடியில் நின்றுதான் ஓட்டுவார்கள். வலது காலை ஊன்றி நிற்க அவருக்கு விரல் இல்லை. முதல் தடவையே சாய்ந்துவிட்டார். இரண்டாவது தடவை அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கயிற்றுக் கழியைச் சின்ன மகனிடம் கொடுத்துவிட்டு, கூடாரத்து வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். இப்போது கண் நன்றாகத் தெரிகிறது. மலைச்சரிவில் மேயும் குதிரைகளில் எது எந்தத் தாய்க்குப் பிறந்தது என்று இருந்த இடத்திலிருந்தே சொல்கிறார். செத்துப் போயிருந்தால் அழுது முடித்திருப்போம். ஒவ்வொரு வருஷமும் போகும்போது அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

ஹந்த்மா அந்த நாளுக்குப் பிறகு சொட்நோமின் காரில் ஏறவில்லை. வீட்டில் எப்போதும் போலத்தான் இருந்தாள், சமைத்தாள், அவன் அங்கியின் பொத்தானைத் தைத்துக் கொடுத்தாள். காலையில் மட்டும் மேட்டிலிருந்து நடந்து இறங்கி, என் கடைக்கு எதிரே பேருந்துக்கு நிற்பாள். கால் வைக்க இடமில்லாத பேருந்து. அதில் தொற்றிக்கொண்டு போவாள். கோடை வந்தும் அப்படியே. ஒருநாள் பேருந்து வரத் தாமதமானபோது கடைக்குள் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தேன்.

“ஹந்த்மா, உங்க அப்பாவே மன்னிச்சுட்டாரு. நீ இன்னும் எத்தனை நாளைக்குடீ இப்படி?”

“அப்பா மன்னிக்க என்ன இருக்குக்கா? அவர்தானே அணைக்கச் சொன்னாரு.”

“அதானே. அப்புறம் என்ன?”

அவள் கிண்ணத்தைக் கையில் சுழற்றிக்கொண்டே இருந்தாள்.

“அப்பா சொல்லி முடிக்கலைக்கா. ‘அப்படின்னா அணை…’ அவ்வளவுதான் சொன்னாரு. அதுக்குள்ள இவர் கை போயிடுச்சு. மிச்சத்தையெல்லாம் அப்பா சொன்னது அணைச்சதுக்கு அப்புறம். நான் பின்னாடி உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்தேன். ‘வேணாம் மாமா, இருக்கட்டும்’னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு தடவை. யாரா இருந்தாலும் சொல்லுவாங்க. வேத்து ஆள் டிரைவர்கூடச் சொல்லுவான். அந்தக் கை எப்படா எப்படான்னு காத்துக்கிட்டு இருந்திருக்கு. ஊர்லேருந்து கெளம்பினதுலேருந்து காத்துக்கிட்டு இருந்திருக்கு.”

நான் அவள் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினேன். என் தம்பியை எனக்குத் தெரியும். அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

சொட்நோம் ஹீட்டரைப் போட ஆரம்பித்தான். போடுவதென்றால் சும்மா இல்லை, சவாரிக்காரர்கள் வியர்த்துக் கதவைத் திறக்கச் சொல்லும் அளவுக்கு. முன் கிரில் கம்பளி மட்டும் இருந்தது. யாராவது பெட்ரோல் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவான். கல்சன்கூடக் கிண்டலை நிறுத்திவிட்டான். காலையில் சொட்நோம் காரைச் சூடாக்கி மனை வாசலில் நிறுத்தி வைப்பான். ஹந்த்மா அதைத் தாண்டி நடந்து போவாள். கோபமாகப் போகமாட்டாள். “வரேங்க,” என்று சொல்லிவிட்டுத்தான் போவாள்.

அடுத்த குளிர்காலத்தில், அதே மூன்றாம் ஒன்பதில், அவன் அர்ஹங்காய்க்குத் தனியாகப் போய் வந்தான். மாமனாருக்கு மருந்து கொண்டு போகிறேன் என்றான். திரும்பி வந்து கடையில் உட்கார்ந்தவன் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. முகம் செத்துக் கிடந்தது.

“என்னடா, மாமனாருக்கு ஏதாவது ஆயிடுச்சா?”

“அவர் நல்லா இருக்காருக்கா.”

“பின்னே?”

“போகவர முழுக்க ஹீட்டர் போட்டு ஓட்டினேன். முழுசா வச்சேன். அதே வழி, அதே குளிர், அதே கம்பளி.”

“சரி.”

“அன்னிக்கு ஆனதுக்கும் இன்னிக்கு ஆனதுக்கும் ஒரு கிண்ணம் பெட்ரோல் வித்தியாசம்கூட இல்லைக்கா.”

எனக்குப் புரியவில்லை. அவனே மெதுவாகச் சொன்னான். நகரத்துக்குள்தான் ஹீட்டர் பெட்ரோலைத் தின்னும். அங்கே எஞ்சின் ஓய்வெடுக்கப் பார்க்கும், சூட்டுக்காக அதை எழுப்பி எழுப்பி ஓட்டவேண்டியிருக்கும். நெடுஞ்சாலையில் அந்தப் பேச்சே இல்லை. வேகமாகப் போகிற வண்டியில் எஞ்சின் எப்படியும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதன் சூடு எப்படியும் வெளியே காற்றில்தான் போய்க் கலக்கும். ஹீட்டர் அதில் கொஞ்சத்தை எடுத்து உள்ளே விடுகிறது, அவ்வளவுதான்.

“ஸ்டாண்டுல சுத்திச் சுத்திக் கத்துக்கிட்டதை அங்கேயும் செஞ்சிருக்கேன். இவ்வளவு வருஷம் அந்தத் திரையைப் பார்த்தேனே, ஒரு தடவை யோசிக்கலையே. அந்தச் சூடு சும்மா கெடச்சிருக்கும்கா. வெளியில கொட்டிக்கிட்டே வந்திருக்கேன்.”

சொல்லிவிட்டு அழுதான். ஐம்பதை நெருங்குகிற ஆண்பிள்ளை, கறி ரொட்டி மணக்கிற கடையில், நரித்தோல் தொப்பியோடு உட்கார்ந்து அழுதான். நல்ல வேளை, கடையில் வேறு யாரும் இல்லை. நான் அவன் தொப்பியைக் கழற்றி வைத்தேன். எனக்கும் அழுகை வந்தது. ஒன்றுமே மிச்சமாகாத ஒன்றுக்காக அந்த மனுஷர் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை என்னால் தாங்கமுடியவில்லை.

“இதை ஹந்த்மாகிட்ட சொல்லணும்கா.”

“சொல்லாதே.”

“சொல்லணும். நான் தப்புப் பண்ணிட்டேன்னு அவளுக்குத் தெரியணும்.”

“அது அவளுக்குத் தெரியும்டா. நீ வாயை மூடிக்கிட்டு இரு. அக்கா சொல்றதைக் கேளு.”

எந்தக் காலத்தில் தம்பிகள் அக்கா சொல்வதைக் கேட்டிருக்கிறார்கள்? மறுநாள் காலையில் நான் வாசலில் படிந்த பனியை வாரிக்கொண்டிருந்தேன். ஹந்த்மா பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தாள். சொட்நோம் காரை அவள் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, இறங்கி, மறுபக்கம் சுற்றி வந்து கதவைத் திறந்து பிடித்தான். உள்ளேயிருந்த சூடு வெண்புகையாக வெளியே வந்தது. ஏறச் சொல்லிக் கெஞ்சுவான் என்று நினைத்தேன். அவன் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். போனது, ஹீட்டர் போட்டது, வித்தியாசம் இல்லாமல் போனது. காலைக் குளிரில் பேச்சு தெரு கடந்து தெளிவாகக் கேட்டது.

“சும்மா கெடச்சிருக்கும் ஹந்த்மா. அந்தச் சூடு சும்மாவே கெடச்சிருக்கும். ஒண்ணுமே மிச்சமாகலை. அதை நெனச்சாத்தான் என்னால தாங்க முடியலை.”

அவள் முழுக்கக் கேட்டாள். முகத்தைச் சுற்றியிருந்த துணியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு அவனைப் பார்த்தாள். கோபமே இல்லை அந்த முகத்தில். இருந்திருந்தால் நான் பயந்திருக்கமாட்டேன்.

“அப்போ, நெஜமாவே மிச்சமாகியிருந்தா?” என்று கேட்டாள். “உங்களுக்குத் தாங்கியிருக்குமா?”

சொட்நோம் வாயைத் திறந்தான். பேருந்து வந்து நின்றது. கதவருகில் நின்றிருந்த இரண்டு பெண்கள் நெருங்கிக்கொண்டு அவளுக்கு இடம் கொடுத்தார்கள். பேருந்து மேடு இறங்கிப் போன பிறகும் என் தம்பி காரின் கதவைத் திறந்து பிடித்தபடியே நின்றான்.